யூரியேஸை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது எப்படி? காரைக்குடிப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கத்துக் கல்லூரிகளில் உயிர்வேதியியலும் உயிரிதொழில்நுட்பமும் படிக்கிறவர்கள் கேட்கிற கேள்விகள் இவை. வீட்டுப் பெரியவர்கள் கேட்டதும் ஒன்றிரண்டு உண்டு. நொதிகளைப் பொதுவாகப் பேசினால் ஒன்றும் பிடிபடாது. அதனால் யூரியேஸ் என்ற ஒரே நொதியை எடுத்துக்கொண்டேன். நம் ஊர் வயலிலும் சமையலறையிலும் இருப்பது. அதன் அமைப்பைக் கண்டுபிடித்த கதையில் சென்னைக்கும் பங்கு உண்டு.

யூரியேஸ் என்ன வேலை செய்கிறது?

யூரியாவை உடைத்து அமோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. வயலில் 45 கிலோ மூட்டையைப் பிரித்து யூரியா விசிறுகிறோமே, அது அப்படியே பயிருக்குள் போவது குறைவு. மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களின் யூரியேஸ் முதலில் அதை உடைக்க வேண்டும். கண்மாயில் தண்ணீர் குறைந்து வயல் அரை ஈரமாகக் கிடக்கும்போது உரம் போட்டால், உடைந்து வரும் அமோனியாவில் ஒரு பங்கு காற்றோடு போய்விடுகிறது. நொதி இல்லாவிட்டால் தண்ணீரில் கரைந்த யூரியா தானாக உடைவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். யூரியேஸ் அந்த வேகத்தை ஏறத்தாழ 100 லட்சம் கோடி மடங்கு கூட்டுவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

வீட்டிலேயே பார்க்கலாம். பாலில் யூரியா கலந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க உணவுப் பாதுகாப்புத் துறை சொல்லும் சோதனை இது: ஒரு தேக்கரண்டிப் பாலில் அரைத் தேக்கரண்டி துவரம்பருப்பு மாவோ சோயா மாவோ போட்டுக் குலுக்கி, 5 நிமிடம் கழித்துச் சிவப்பு லிட்மஸ் தாளை நனைக்க வேண்டும். தாள் நீலமானால் யூரியா இருக்கிறது. மாவில் இருக்கும் யூரியேஸ் யூரியாவை உடைக்கிறது, வருகிற அமோனியா தாளின் நிறத்தை மாற்றுகிறது. சமையலுக்கு வாங்கி வைத்த பருப்பில் நொதி இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதுதான் எனக்கு இதில் பிடித்த விஷயம்.

வயிற்றுப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபேக்டர் கிருமி இரைப்பை அமிலத்தில் சாகாமல் இருப்பதும் யூரியேஸால்தான். தன்னைச் சுற்றி அமோனியாவைப் பரப்பி அமிலத்தை மட்டுப்படுத்திக்கொள்கிறது. அதனால் மருந்து தேடுபவர்களுக்கும் இந்த நொதி மேல் ஒரு கண்.

வேலை தெரிந்தால் போதாதா? அமைப்பை ஏன் பார்க்க வேண்டும்?

எப்படித் தடுப்பது, எங்கே தடுப்பது என்று தெரிய வேண்டுமானால் பார்த்தே ஆக வேண்டும். யூரியேஸின் வினை நடக்கும் இடத்தில் இரண்டு நிக்கல் அணுக்கள் அருகருகே உட்கார்ந்திருக்கின்றன. நிக்கல் இருப்பது 1975-ல் தெரிந்தது. ஒரு நொதிக்குள் நிக்கல் இருப்பதாகக் காட்டியது அதுவே முதல்முறை. அந்த இடத்துக்கு மேலே புரதத்தின் ஒரு பகுதி மூடி போல அசைந்து திறக்கிறது, மூடுகிறது. மருந்து மூலக்கூறு அங்கே போய் உட்காருமா, மூடி அதை உள்ளே விடுமா, மூடியபின் இடம் மிஞ்சுமா என்பதெல்லாம் வேதிச் சமன்பாட்டைப் பார்த்து ஊகிக்க முடியாதவை.

கல்லூரி ஆய்வகத்து மைக்ரோஸ்கோப்பில் தெரியாதா?

தெரியாது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர். சாதாரண ஒளி நுண்ணோக்கியில் சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே எல்லாம் குழம்பிவிடும். யூரியேஸோ பத்துப் பன்னிரண்டு நானோமீட்டர்தான். 300 கிலோவோல்ட்டில் முடுக்கிய எலக்ட்ரானின் அலைநீளம் 0.002 நானோமீட்டர். அணுவை விடவும் மிகச் சிறியது. 1931-ல் பெர்லினில் ருஸ்காவும் க்னோலும் முதல் எலக்ட்ரான் நுண்ணோக்கியைக் கட்டினார்கள். ருஸ்காவுக்கு நோபல் வந்தது 1986-ல். 55 வருடம் காத்திருந்தார்.

செக்ரியில் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் இருக்கிறதே, அதில் பார்க்கலாமா?

காரைக்குடியில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம்தான் செக்ரி, நம் ஊரின் பெருமை. ஆனால் அங்கே நடப்பது பெரும்பாலும் பேட்டரி, அரிமானம், மின்முலாம் போன்ற ஆராய்ச்சி. உலோகத்தையும் கார்பனையும் பார்க்கும் கருவியில் புரதத்தை அப்படியே வைத்துப் பார்க்க முடியாது.

இரண்டு வகையையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஸ்கேனிங் வகை மேற்பரப்பை வருடிப் படம் காட்டும். எறும்பின் கண், துருப்பிடித்த இரும்பு எல்லாம் அதில் அழகாக வரும். நொதியின் உள்ளமைப்பு வராது. நமக்கு வேண்டியது எலக்ட்ரான்கள் பொருளை ஊடுருவிப் போகும் டிரான்ஸ்மிஷன் வகை. அதிலும் சாதாரண 120 கிலோவோல்ட் கருவி கிடைத்தால்கூட ஒரு முக்கியமான வேலையைச் செய்துகொள்ளலாம். அடுத்த பதில் அதைப் பற்றித்தான்.

நெகட்டிவ் ஸ்டெயின் என்கிறார்களே, அது என்ன?

3 மில்லிமீட்டர் அகலச் செம்புச் சல்லடை ஒன்று. பெயர் கிரிட். அதன் மேல் மெல்லிய கார்பன் படலம். அதில் நொதிக் கரைசலை ஒரு சொட்டு வைத்து, வடிதாளால் உறிஞ்சி, யுரனைல் அசிடேட் கரைசலை விட்டுக் காய வைக்கிறார்கள். யுரேனியம் கன உலோகம், எலக்ட்ரான்களைப் பலமாகச் சிதறடிக்கும். புரதம் இருக்கும் இடம் வெளுப்பாகவும் சுற்றி கறுப்பாகவும் தெரியும். அரை மணி நேர வேலை. சுமார் 20 ஆங்ஸ்ட்ராம் வரைதான் விவரம் கிடைக்கும் (10 ஆங்ஸ்ட்ராம் ஒரு நானோமீட்டர்; இந்த எண் குறையக் குறைய விவரம் கூடும்). அணு எதுவும் தெரியாது. ஆனால் துகள்கள் ஒரே அளவில் இருக்கின்றனவா, கூட்டமாக ஒட்டிக்கொண்டனவா, உடைந்து கிடக்கின்றனவா என்று முகத்திலேயே சொல்லிவிடும். இதைப் பார்க்காமல் அடுத்த கட்டத்துக்குப் போவது காசைக் கரியாக்கும் வேலை.

சரி, க்ரையோ முறையில், அதாவது உறைய வைத்துப் பார்ப்பதில், என்ன வித்தியாசம்?

எலக்ட்ரான் நுண்ணோக்கியின் உள்ளே வெற்றிடம். தண்ணீரோடு எதையும் வைத்தால் ஆவியாகிவிடும். காயவைத்தால் புரதம் சுருங்கும். சாயம் போட்டால் சாயத்தைத்தான் பார்க்கிறோம். இது போதாதென்று எலக்ட்ரான் கற்றையே புரதத்தைப் பொசுக்கும்.

உறைய வைத்தால் என்ன? தண்ணீர் மெதுவாக உறைந்தால் பனிப்படிகம் ஆகும். படிகம் எலக்ட்ரான்களைச் சிதறடித்துப் படத்தைக் கெடுக்கும், புரதத்தையும் குதறும். 1980-களின் தொடக்கத்தில் ழாக் துபோஷேவும் அவருடைய குழுவும் வழி கண்டார்கள். தண்ணீரைப் படிகமாக நேரமே கொடுக்காமல் உறைய வைத்தால் அது கண்ணாடி போல, ஒழுங்கற்ற நிலையிலேயே கெட்டியாகிவிடும். நொதி கரைசலில் எப்படி இருந்ததோ அப்படியே அதற்குள் நின்றுவிடும்.

செய்முறை கேட்க எளிது. கிரிட்டின் கார்பன் படலத்தில் ஒன்றரை மைக்ரான் அளவுக்குச் சிறுசிறு ஓட்டைகள். மேலே 3 மைக்ரோலிட்டர் கரைசல். இருபுறமும் வடிதாள் சில விநாடிகள் ஒற்றி எடுக்கும். ஓட்டைகளில் சில பத்து நானோமீட்டர் தடிமனுக்குத் தண்ணீர்ப் படலம் மிஞ்சும். உடனே கிரிட்டை திரவ ஈத்தேனுக்குள் செருக வேண்டும்.

ஏன் ஈத்தேன், திரவ நைட்ரஜன் இன்னும் குளிர்ச்சி ஆயிற்றே என்று எல்லோரும் கேட்பார்கள். திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரிதான். ஆனால் அதில் எதையாவது போட்டால் சுற்றிலும் கொதித்து, ஆவிப் படலம் ஒன்று போர்வை போல மூடிக்கொள்ளும். குளிர் உள்ளே போகத் தாமதமாகும். அந்தத் தாமதத்தில் படிகம் வந்துவிடும். ஈத்தேன் மைனஸ் 183-க்குப் பக்கத்தில் திரவமாக இருக்கிறது, கொதிப்பதோ மைனஸ் 89-ல். அதனால் ஆவிப்போர்வை இல்லாமல் சூட்டை உறிஞ்சிவிடுகிறது. உறைந்தபின் கிரிட்டைக் கடைசிவரை திரவ நைட்ரஜன் குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். மைனஸ் 140 டிகிரிக்கு மேலே ஏறவிட்டால் கண்ணாடிப் பனி படிகமாக மாறத் தொடங்கும்.

திரவ நைட்ரஜனைப் பார்க்க வேண்டுமா? பெரிய ஆய்வகம் எதற்கும் போக வேண்டாம். மாட்டுக்குச் சினை ஊசி போடும் கால்நடை மருந்தகத்தில் அலுமினிய கேன் இருக்கும். மூடியைத் திறந்ததும் வெள்ளையாகப் புகைந்து வழியும். உறைவிந்துக் குச்சிகளை அதில்தான் வைத்திருக்கிறார்கள்.

கடைசியில் கிடைப்பது நொதியின் போட்டோவா?

இல்லை. பத்திரிகையில் வரும் வண்ணப் படத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

நொதி பொசுங்காமல் இருக்க எலக்ட்ரான்களை மிகக் கஞ்சத்தனமாகத்தான் பாய்ச்ச வேண்டும். அதனால் ஒவ்வொரு படமும் இரைச்சல் நிறைந்த சாம்பல் நிறப் புள்ளிக் காடு. அதில் நொதி எங்கே என்று பழகிய கண்ணுக்கே சட்டென்று தெரியாது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடையில் ஒரே அச்சில் வார்த்த ஆயிரம் பித்தளை விளக்குகளை இருட்டில் அள்ளிக் கொட்டி, மங்கலான படமாக எடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கவிழ்ந்திருக்கும், ஒன்று ஒருக்களித்திருக்கும். ஒரே பக்கமாகக் கிடப்பவற்றைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் அந்தப் பக்கம் தெளியும். எல்லாப் பக்கங்களும் கிடைத்துவிட்டால் விளக்கின் முப்பரிமாண உருவைக் கணக்குப் போட்டே கட்டிவிடலாம். யோகிம் ஃபிராங்க் இந்தச் சராசரி எடுக்கும் கணக்கைத்தான் பல வருடங்கள் வளர்த்தார். துபோஷே, ஃபிராங்க், ரிச்சர்ட் ஹென்டர்சன் மூவருக்கும் 2017-ல் வேதியியல் நோபல் கிடைத்தது.

ஆக, நீங்கள் பார்ப்பது லட்சக்கணக்கான மோசமான படங்களின் சராசரி. தாவர யூரியேஸில் இன்னொரு வசதி: ஒரே மாதிரியான ஆறு துணையலகுகள் (தனித்தனிப் புரதச் சங்கிலிகள்) சமச்சீராக இணைந்து ஒரு துகள். 1 லட்சம் துகள் கிடைத்தால் 6 லட்சம் பிரதிகள் கிடைத்த மாதிரி.

2012-க்குப் பிறகு எலக்ட்ரான்களை நேரடியாக எண்ணும் கேமராக்கள் பரவலாக வந்தன. அதுவரை இந்தத் துறைப் படங்களை உருண்டை உருண்டையாக இருக்கிறதென்று கேலி செய்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். 2015-ல் ஸ்ரீராம் சுப்ரமணியம் குழு பீட்டா-காலக்டோசிடேஸ் நொதியை 2.2 ஆங்ஸ்ட்ராமில் காட்டியது. 2020-ல் அப்போஃபெரிட்டின் என்ற புரதத்தில் தனித்தனி அணுக்களே தெரிந்தன.

யூரியேஸ் அமைப்பைப் படிக முறையிலேயே கண்டுபிடித்துவிட்டார்களாமே? அப்புறம் எதற்கு இது?

கண்டுபிடித்தார்கள், அதுவும் சென்னையில். படிக முறை என்றால் புரதத்தைப் படிகமாக்கி, எக்ஸ்ரே பாய்ச்சி அமைப்பைக் கணக்கிடுவது. கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1926-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் சம்னர், நம்மூர்த் தம்பட்டங்காய்க்கு நெருங்கிய சொந்தமான ஜாக் பீன் விதையிலிருந்து யூரியேஸைப் படிகமாக்கினார். நொதி என்பது புரதம்தான் என்று அன்றைக்குப் பெரிய ஆட்களே ஒப்புக்கொள்ளவில்லை. சிறுவயதில் வேட்டை விபத்தில் இடது கையை இழந்தவர் அவர். அவர் இடதுகைப் பழக்கக்காரர் வேறு. ஆய்வகத்தில் குளிர்ப்பெட்டி இல்லாத நாட்களில் கரைசலை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுக் குளிர் வரட்டும் என்று காத்திருந்தார். காரைக்குடி ஜன்னலில் வைத்திருந்தால் நொதி வெந்துபோயிருக்கும். 1946-ல் நோபல் கிடைத்தது.

படிகம் வந்ததே தவிர அணு அமைப்பு வரவில்லை. 80 ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 2010-ல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் படிகவியல் துறையிலிருந்து ஜாக் பீன் யூரியேஸின் அமைப்பு 2.05 ஆங்ஸ்ட்ராம் நுட்பத்தில் வெளியானது. தாவர யூரியேஸ் ஒன்றின் அமைப்பு தெரிந்தது அதுதான் முதல் தடவை. துவரை யூரியேஸையும் அதே துறை பிறகு செய்தது. புரதத் தரவு வங்கியில் 3LA4 என்று தேடினால் ஜாக் பீன் யூரியேஸைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம்.

அப்படியானால் க்ரையோ எதற்கு? படிகத்துக்குள் நொதிகள் வரிசையாக அடுக்கப்பட்டு அசைய இடமில்லாமல் நிற்கும். க்ரையோவில் கரைசலில் இருந்த நிலைகள் பலவும் கிடைக்கும்: மூடி திறந்தவை, மூடியவை எல்லாம். கணினியில் அவற்றைப் பிரித்துப் பார்க்கலாம். படிகமே வராத நொதிகளுக்கும் வழி பிறந்தது. 2020-ல் யெர்சினியா என்ற குடல் கிருமியின் யூரியேஸ் க்ரையோ முறையில் 1.98 ஆங்ஸ்ட்ராமில் வந்தது. அடுத்த வருடமே ஹெலிகோபேக்டர் யூரியேஸ், தடுப்பான் மூலக்கூறு உள்ளே உட்கார்ந்த கோலத்தில் வந்தது. படிக முறை செத்துவிட்டது என்று சிலர் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நல்ல படிகம் இருந்தால் அதைவிட விரைவான வழி இல்லை.

என் நொதி சின்னது. செய்ய முடியுமா?

கஷ்டம். 50 கிலோடால்டனுக்குக் (மூலக்கூறின் எடையைச் சொல்லும் அலகு) கீழே போனால் இரைச்சலில் துகளைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. டிரிப்சின் என்ற செரிமான நொதி சுமார் 23 கிலோடால்டன், அதற்குப் படிக முறைதான் சரி. தாவர யூரியேஸின் ஆறு துணையலகுகளும் சேர்ந்தால் 500 கிலோடால்டனைத் தாண்டும். தொடக்கக்காரருக்கு ஏற்ற அளவு.

ஆல்ஃபாஃபோல்டு வந்துவிட்டதே. இனி மைக்ரோஸ்கோப் வேண்டுமா?

வேண்டும். ஆல்ஃபாஃபோல்டு ஒரு செயற்கை நுண்ணறிவு நிரல். புரதச் சங்கிலி எப்படி மடியும் என்பதை அது நன்றாகவே ஊகிக்கிறது. 2024 நோபலில் அதற்கும் பங்கு கிடைத்தது நியாயம்தான். உங்கள் தடுப்பான் ஒட்டும்போது மூடி எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதை அளந்துதான் சொல்ல வேண்டும். மைக்ரோஸ்கோப்பில் வந்த வரைபடத்துக்குள் பொருத்த ஆல்ஃபாஃபோல்டு மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள், பாதி வேலை மிச்சம்.

“அம்புட்டுக் காசு போட்டு அப்புடி என்னத்தப் பாக்கப் போறாக?” என்று எங்கள் ஆச்சி கேட்கிறாக. என்ன சொல்ல?

வயிற்றுப் புண் கிருமி எந்தக் கருவியை வைத்து அமிலத்தில் பிழைக்கிறதோ, அந்தக் கருவியில் எங்கே ஆப்பு வைக்கலாம் என்று பார்க்கிறார்கள் ஆச்சி என்று சொல்லுங்கள். வயலில் யூரியா வீணாகாமல் இருக்க வழி தேடுகிறார்கள் என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை.

காரைக்குடியில் இருந்துகொண்டு இதைச் செய்ய முடியுமா? இங்கே அந்த மெஷின் இல்லையே.

மெஷின் பல கோடி ரூபாய். ஊருக்கு ஒன்று வைக்கும் சமாச்சாரம் இல்லை. பெங்களூரில் என்சிபிஎஸ் (தேசிய உயிரியல் அறிவியல் மையம்) வளாகத்தில் தேசிய க்ரையோ மையம் இருக்கிறது. சென்னை ஐஐடியிலும் ஒன்று இருக்கிறது. பல்லவன் ரயிலில் விடியற்காலை ஏறினால் மதியத்துக்குள் சென்னை. திட்டம் எழுதி விண்ணப்பித்து நேரம் வாங்க வேண்டும்.

ஆனால் என் அனுபவத்தில் மெஷின் கிடைக்காமல் கெட்ட வேலைகளை விட மாதிரி சரியில்லாமல் கெட்ட வேலைகள்தான் அதிகம். மெஷினுக்கு முன்னால் செய்ய வேண்டியது எல்லாம் இங்கேயே செய்யலாம். விதையை ஊறவைத்து அரைத்து, அமோனியம் சல்பேட்டிலோ அசிடோனிலோ வீழ்படிவாக்கி, அயனிப் பரிமாற்றக் கம்பம், அளவுப் பிரிப்புக் கம்பம் என்று இரண்டையாவது தாண்டவிட்டு, ஜெல்லில் ஓட்டிப் பாருங்கள். ஜெல்லில் துணையலகுகள் பிரிந்து ஓடும் என்பதால் ஜாக் பீன் யூரியேஸ் 90 கிலோடால்டன் பக்கத்தில் ஒரே பட்டையாக வர வேண்டும். கீழே 25-க்குப் பக்கத்தில் இன்னொரு பட்டை தெரிந்தால் அது கான்கனாவலின் ஏ என்ற வேறு புரதமாக இருக்கலாம். அதுவும் அதே விதையில் ஏராளமாக இருப்பது, அதையும் சம்னர்தான் படிகமாக்கினார். கடையில் வாங்கிய யூரியேஸ் பொடி சுத்தமானது என்று லேபிளை நம்பி நேராக கிரிட்டில் போடாதீர்கள்.

இன்னும் சில:

கிளிசரால், சர்க்கரை எதையும் கரைசலில் விட்டு வைக்காதீர்கள். புரதத்துக்கும் பின்னணிக்கும் இருக்கும் கொஞ்சநஞ்ச வேறுபாட்டையும் அவை அழித்துவிடும்.

யூரியேஸில் கந்தகம் உள்ள சிஸ்டீன்கள் காற்றுப்பட்டால் ஆக்சிஜனேற்றம் அடைந்து வேலை குறையும். மெர்காப்டோஎத்தனால் போன்ற ஒன்று கரைசலில் இருக்கட்டும். நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் பக்கத்தில் தொடங்குங்கள். மெல்லிய தண்ணீர்ப் படலத்தில் நொதிகள் காற்றைத் தொடும் விளிம்புக்கு ஓடிப்போய் ஒட்டிக்கொண்டு சிதைவதும், எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக்கொள்வதும் சகஜம். அதற்கென்று ஒரே மருந்து கிடையாது. சிறிதளவு டிடர்ஜென்ட், வேறு வகை கிரிட் என்று மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டியதுதான்.

கிளம்புகிற நாள் காலையில் வினைத்திறனை ஒருமுறை சோதித்துவிடுங்கள். உறைய வைத்தபின் செத்த நொதியை உயிர்ப்பிக்க முடியாது.

கணினி வேலையை எங்கே கற்றுக்கொள்வது?

வீட்டிலேயே. ரெலியான் மென்பொருள் இலவசம். எம்பியார் என்ற பொதுக் காப்பகத்தில் மற்றவர்கள் எடுத்த மூலப்படங்களை யாரும் இறக்கிக்கொள்ளலாம். ரெலியானின் பயிற்சிப் பாடமே பீட்டா-காலக்டோசிடேஸ் படங்களை வைத்துத்தான் நடக்கிறது. நல்ல கிராஃபிக்ஸ் அட்டை உள்ள ஒரு கணினி துறையில் கிடைத்தால் போதும். முழுத் தரவுத்தொகுப்பு டெராபைட் கணக்கில் வரும் என்பதால் வீட்டு இணையத்தில் சிறிய தொகுப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வந்த உருவம் சரிதான் என்று எப்படி நம்புவது?

நம்பக் கூடாது, சோதிக்க வேண்டும். இந்தத் துறையில் பிரபலமான எச்சரிக்கை ஒன்று உண்டு. வெறும் இரைச்சல் படங்களை, ஐன்ஸ்டைன் முகத்தை மாதிரியாகக் கொடுத்து அடுக்கிச் சராசரி எடுத்தார்கள். ஐன்ஸ்டைன் முகமே வந்தது! உள்ளே ஒன்றுமே இல்லை. நீங்கள் தேடுவதைக் கணினி உங்களுக்குக் காட்டிவிடும் ஆபத்து இது. அதனால் தரவை இரண்டு பாதியாகப் பிரித்துத் தனித்தனியே உருவம் கட்டி, இரண்டும் எதுவரை ஒத்துப்போகின்றன என்று பார்க்கிறார்கள். 2 ஆங்ஸ்ட்ராம், 3 ஆங்ஸ்ட்ராம் என்று சொல்லும் எண் அங்கிருந்து வருகிறது.

அணு மாதிரியைக் கட்டியபின் ராமச்சந்திரன் வரைபடம். புரதச் சங்கிலியின் எந்தத் திருப்பங்கள் சாத்தியம், எவை சாத்தியமில்லை என்று 1963-ல் ஜி.என். ராமச்சந்திரனும் உடனிருந்தவர்களும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் போட்ட கணக்கு. இன்றைக்கு உலகத்தில் எந்த ஆய்வகம் புரத அமைப்பை வெளியிட்டாலும் அந்தச் சோதனையைத் தாண்டியாக வேண்டும். ஜாக் பீன் யூரியேஸ் வெளிவந்ததும் அவர் வளர்த்த துறையிலிருந்துதான்.

உறைய வைத்த கிரிட்டைக் காரிலோ பஸ்ஸிலோ எடுத்துப் போகலாமா?

திரவ நைட்ரஜனோடு கூடாது. 1 லிட்டர் ஆவியானால் 700 லிட்டருக்குக் கிட்டத்தட்ட வாயு ஆகிறது. கண்ணாடி ஏற்றிய ஏசி வண்டியில் அது ஆக்சிஜனைத் தள்ளிவிடும். மூச்சு முட்டுவதுகூடத் தெரியாமல் மயக்கம் வரும். உறைந்த கிரிட்டை அனுப்பத் திரவத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் உலர் கலன்கள் தனியாக இருக்கின்றன. அதையும் மையத்தோடு பேசிப் பதிவு செய்துதான் அனுப்ப வேண்டும். முதல் முறைக்கு இந்தத் தொல்லையே வேண்டாம். புரதக் கரைசலைச் சின்னக் குப்பிகளில் பிரித்து, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு எடுத்துப் போங்கள். கிரிட்டை அங்கே போய் உறைய வைத்துக்கொள்ளலாம்.